கறுப்பு மண்

உவர்மலை இறக்கத்தில் வரும்போதே கேட்டுவிட்டது,
முன் இடது சில்லுக்குள் முனகல்.
ஆரோ வாய்க்குள் கல்லைப் போட்டுக்கொண்டு
கதைப்பதுபோல.

"கடலுக்குள்ள இறக்கினியோ?"
"சீ, இல்லை அக்கா. டவுனுக்கும் சீனன்குடாவுக்கும் மட்டும்தான்."
எமிலியான் இதைச் சொன்னது என்னிடமில்லை,
கராஜ் கூரையிடம்.
வாகனம் அவனுடையதல்ல. மச்சானுடையது.
இரண்டு நாள் இரவல். இன்று ஐந்தாம் நாள்.

வளையலைக் கழற்றி சேட் பொக்கற்றில் போட்டேன்.
பின்சில்லுக்குக் கட்டை வைத்து, ஜக்கை ஏற்றி,
மேலும் கீழும் பிடித்து அசைத்தால்
சில்லு தலையாட்டிற்று,
ஓம், ஓம் என்று.

ஆறு போல்ட். ஒரு வளையக் கிளிப்.
மடங்கிய வாசரை உளியால் நிமிர்த்தினேன்.
பெரிய நட்டுக்குச் சாவி
தண்ணிக் குழாயில் நானே வெட்டியது.
ஹப்பை இழுக்க, வெளிப் பெயரிங்
உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது,
அடித்து வளர்த்த பிள்ளைபோல ஒரு சத்தமும் இல்லாமல்.

கிறீஸ் கறுத்திருந்தால் வயசு.
உருளைகள் நீலித்திருந்தால் சூடு.
இது பால் தேத்தண்ணி நிறம்.
நாக்கில் வைக்காமலே கரித்தது.

எமிலியான் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
இரண்டு, படலைக்கு வெளியே,
புதுச் சீல் வந்த மட்டைப்பெட்டியை
அவசரமில்லாமல் சப்பிக்கொண்டிருந்தன.

மாஜரின் டப்பாவில் மண்ணெண்ணெய்.
பழைய பிரஷால் கழுவக் கழுவ
அடியில் ஒரு சிட்டிகை மண் படிந்தது.
உப்புவெளி மண் எனக்குத் தெரியும், நிலாவெளி மண்ணும்:
வெளிறின மண்.
இது கறுப்பு.
உடைந்த ஸ்பீக்கரில் எடுத்த காந்தத்தை
டப்பாவின் வெளிப்பக்கம் வைத்தேன்.
மண் எழும்பி நடந்து வந்தது.

"புல்மோட்டை" என்றேன்.

மான்கள் போய்விட்டன. அவன் இன்னும் அங்கேதான் பார்த்தான்.

இடது கையில் கிறீஸ், எலுமிச்சங்காயளவு.
பெயரிங்கின் அகன்ற வாயை அதன் ஓரத்தில் குத்தி இழுக்க,
திருப்பிக் குத்தி இழுக்க,
மற்றப் பக்கத்தால், உருளைக்கு உருளை நடுவால்
இடியப்பம் பிழிபட்டு வரவேணும்.
வராத இடைவெளி அடுத்த மாசம் கத்தும்.

அரைச் சுற்று முடிய அவன் தொடங்கினான்.
மகளுக்கு இப்ப ஏழு வயசாம்.
முன்வாசலால் போனால் அவையள் கதவு திறக்கிறதில்லையாம்.
கடல் பக்கம் வேலி இல்லை.
போகேக்கை கணுக்காலளவு கிடந்த முகத்துவாரம்
வரேக்கை பம்பரைத் தொட்டதாம்.

"கண்டனியோ?"
"யன்னலுக்குள்ளால.
சைக்கிள் பெல் ஒண்டு குடுத்தனான்."
"சைக்கிள்?"
"அதுக்குக் காசு காணேல்லை."

உள் பெயரிங்கை இருத்தி, சீலின் உதட்டில் விரலால் தடவி,
மரக்கட்டை வைத்துத் தட்டினேன்.
ஹப் ஏறியது.
நட்டை இறுக்கியபடி சுற்றவேணும்,
பிறகு கொஞ்சம் விட்டுக்கொடுத்து
மறுபடி மெல்ல.
எவ்வளவு என்று புத்தகத்தில் ஓர் எண் இருந்தது.
அந்தப் பக்கத்தைப் போன வருசம் மான் தின்றுவிட்டது.
சில்லைச் சுண்டினேன். ஓடி, ஓடி,
சத்தமில்லாமல் நின்றது.

நாலேகாலுக்கு மச்சான் போன்.
"என்ன அக்கா, தண்ணிக்குள்ள விட்டவனோ?"
கிறீஸ் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
"சீல் பழசு. மழைத்தண்ணி போயிருக்கும்" என்றேன்.
ஆடி மாசம். பங்குனிக்குப் பிறகு
இந்த ஊரில் ஒரு துளி விழவில்லை.
மறுமுனையில் கொஞ்ச நேரம் கதையில்லை.
"ஓம்" என்றான். "மழையாத்தான் இருக்கும்.
அவனிட்டச் சொல்லுங்கோ,
ஞாயிறு மட்டும் வச்சிருக்கட்டாம்."

சொன்னேன்.
எமிலியான் முகத்தைச் சாறத்தில் துடைத்தான்.
"வலப்பக்கமும் அதே தண்ணிக்குள்ளதானே போனது" என்றேன்.
அவன் ஜக்கைத் தூக்கிக்கொண்டு
அந்தப் பக்கம் போனான்.